தயிர் சாதத்தில் ஒரு குழி

மகளுக்கு இரண்டு வயது முடியப்போகிறது. தயிர் சாதம் என்றால் நடுவில் அவளே விரலால் ஒரு குழி தோண்டி, அதில் ஒரே ஒரு மாதுளை முத்தைப் போட வேண்டும். அதற்கு முன் வாயைத் திறக்க மாட்டாள். முதல் வாய் காக்காவுக்கு, அடுத்தது தாத்தாவுக்கு. அவர் மென்று விழுங்கும்வரை அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். என்ன ஒரு பொறுப்பு!

புதுச் சாப்பாட்டைத் தள்ளிவிடுவது இந்த வயதில் இயல்புதான். சில காய்களைப் பத்துப் பதினைந்து முறை தட்டில் பார்த்த பிறகுதான் பல குழந்தைகள் வாயில் வைப்பார்கள். பீட்ரூட்டை இவள் இன்னும் தின்னவில்லை. பாட்டிக்குப் பொட்டு வைக்க மட்டும் எடுக்கிறாள். சரி, தொட்டாளே, அதுவே எனக்குச் சந்தோஷம்.

வீடியோ எடுத்தால் சாப்பாட்டை விட்டுவிட்டு போனைப் பிடுங்க வந்துவிடுகிறாள். அதனால் பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன்: தேதி, சாப்பாடு, அவள் பேசியது பேசியபடியே. இரவு பாத்திரம் கழுவும் முன்பே எழுதிவிட வேண்டும், தூங்கி எழுந்தால் பாதி மறந்துவிடும். நேற்றைய வரி இது: “முருங்கைக்காய்ச் சக்கையை என் கையில் வைத்து, ‘அம்மாக்கு, சூடு, ஊதி சாப்பிடு’ என்றாள்.”