மாசி வீதியில் சித்திரைத் தேர்

ஏப்ரல் 20, ஞாயிறு

தம்பி மகள் லீவுக்கு மதுரை வந்திருக்கிறாள். பத்து வயது. சாயங்காலம் மீனாட்சி கோயிலுக்குக் கூட்டிப்போனேன். உள்ளே ஆடி வீதியைச் சுற்றிவிட்டு வெளியே வந்தோம். சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று ஒவ்வொன்றாகத் தாண்டி வெளி வீதிக்கு வந்ததும் நின்றுவிட்டாள்.

"பெரியப்பா, ஆடி, சித்திரை, ஆவணி, மாசி எல்லாம் மாசம். வெளிங்கிறது எந்த மாசம்?"

அது மாசம் இல்லை தாயி, கோட்டைக்கு வெளியே என்றேன். கோட்டை எங்கே என்றாள். சரி, இந்த லீவு முழுக்க இதுதான் வேலை என்று முடிவு செய்துவிட்டேன். ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தேன். அவள் படம் வரைவாள், நான் இங்கே எழுதுவேன்.

ஏப்ரல் 21, திங்கள்

அடுத்த கேள்வி காலையிலேயே வந்தது. மாசி வீதியில் மாசி மாசம் தேர் ஓடுமா?

ஓடாது, சித்திரையில்தான் ஓடும். முன்காலத்தில் மீனாட்சி கல்யாணமும் தேரும் மாசியில்தான் நடந்தன. திருமலை நாயக்கர் (ஆட்சி 1623 முதல் 1659 வரை) அவற்றைச் சித்திரைக்குக் கொண்டுவந்து, அழகர் ஆற்றில் இறங்கும் விழாவோடு சேர்த்தார். மாசியில் அறுவடை வேலை, சனம் வர முடியாது என்று ஊரில் காரணம் சொல்வார்கள். மாதம் மாறிவிட்டது, வீதி மட்டும் பழைய மாதத்தின் பெயரைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. முந்நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாகத் தினமும் லட்சம் பேர் இந்தப் பெயரைச் சொல்கிறார்கள், எனக்கு அதை நினைத்தாலே சிலிர்க்கிறது.

ஆடி வீதிக்கும் ஆவணி மூல வீதிக்கும் இந்தச் சிக்கல் இல்லை. ஆடி முளைக்கொட்டு விழா ஆடி வீதியில்தான் நடக்கிறது. பிட்டுக்கு மண் சுமந்த திருவிளையாடல் வருகிற ஆவணி மூலத் திருவிழாவில் சாமி ஆவணி மூல வீதியைத்தான் சுற்றுகிறார்.

ஏப்ரல் 22, செவ்வாய்

இன்று கோட்டை. 1840களில் இங்கே கலெக்டராக இருந்த பிளாக்பர்ன், ஊர் மூச்சுத் திணறுகிறது என்று கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்க்க ஏற்பாடு செய்தார். இடிப்பதற்கும் தூர்ப்பதற்கும் அரசாங்கத்திடம் பெரிய பணம் இல்லை. எவ்வளவு இடத்தைச் சமன் செய்கிறாயோ அங்கே உனக்கு மனை என்று சனங்களிடம் சொல்லி வேலையை முடித்தார்கள். அப்படி உண்டானவைதான் வெளி வீதி, மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி மூன்றும். மாரட் நில அளவையாளர். பெருமாள், பெயரிலேயே இருக்கிறதே, வேலையை மேற்பார்த்த மேஸ்திரி.

கலெக்டருக்கும் ஊர் நன்றி சொல்லி ஒரு விளக்குக் கம்பம் நட்டது. அதுதான் விளக்குத்தூண். அங்கே இறங்குகிற எத்தனை பேருக்கு பிளாக்பர்னைத் தெரியும்? பெருமாளையோ இன்றைக்கும் மேஸ்திரி என்ற தொழிலோடு சேர்த்தே கூப்பிடுகிறோம். ராஜா, மந்திரி, கலெக்டர் பெயர் எந்த ஊரிலும் கிடைக்கும். ஒரு மேஸ்திரிக்கு ஊரின் பெரிய வீதிகளில் இடம் கிடைத்திருப்பது எனக்கு மதுரையின் பெருமைகளில் ஒன்று. போன மாசம் ஒரு கல்யாணப் பத்திரிகையில் மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியை "மே.பெ.மே. வீதி" என்று அச்சடித்திருந்தார்கள். இடம் போதாது என்றால் மண்டபத்தின் பெயரைச் சுருக்கியிருக்கலாம்.

பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் மிஞ்சியிருக்கிற கோட்டைத் துண்டைக் காட்டினேன். கல்லைத் தொட்டுப் பார்த்தாள்.

ஏப்ரல் 24, வியாழன்

எழுகடல் தெரு. புது மண்டபத்துக்குக் கிழக்கே, முடியாமல் நிற்கிற ராய கோபுரத்தின் பக்கம். மீனாட்சியின் அம்மா காஞ்சனமாலை கடலாட ஆசைப்பட்டபோது, சிவன் ஏழு கடலையும் மதுரைக்கே வரவழைத்தார் என்பது திருவிளையாடல். அந்தக் கடல்கள் வந்த இடமாக ஒரு தெப்பக்குளம் இங்கே இருந்தது. அதைத் தூர்த்துக் கடைகள் கட்டிவிட்டார்கள்.

"தண்ணி எங்க பெரியப்பா?" என்று கேட்டாள். பதில் சொல்லக் கஷ்டமாக இருந்தது. தண்ணீர் இல்லாத எழுகடல். பெயரும் இல்லாவிட்டால் இங்கே குளம் இருந்ததாக நம்பக்கூட மாட்டார்கள்.

ஏப்ரல் 27, ஞாயிறு

மஹால் பக்கம் போனோம். இன்று நாம் டிக்கெட் வாங்கிப் பார்க்கிற மஹால், நாயக்கர் கட்டியதில் ஒரு பங்குதான். மிச்சம் எவ்வளவு தூரம் பரவியிருந்தது என்பதைத் தெருப் பெயர்களை வைத்தே நடந்து அளக்கலாம். மஹாலை விட்டு விலகிக் கடைச் சந்துக்குள் பத்துத் தூண்கள் தனியாக நிற்கின்றன, அந்தச் சந்துக்கும் அதுவே பெயர். பந்தடித் தெருக்கள், அரண்மனைக்காரர்கள் பந்தாடிய இடம் என்பார்கள். நவபத்கானா தெருவுக்கு ஆட்டோ அண்ணன் "நவாப் இருந்த தெரு சார்" என்று விளக்கம் சொன்னார். இல்லண்ணே, நௌபத் என்றால் வேளைதோறும் முழங்குகிற மேளம், கானா என்றால் வீடு, பாரசீகச் சொல் என்றேன். "அப்ப கொட்டடிக்கிற வீடு" என்று அவரே தமிழாக்கிவிட்டார். இதைவிட நன்றாக என்னால் சொல்லியிருக்க முடியாது.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் கோரிப்பாளையத்திலும் இதே கதைதான், கோர் என்றால் பாரசீகத்தில் கல்லறை. தர்கா அங்கே இருக்கிறது.

கான்சா மேட்டுத் தெருவில் கொஞ்ச நேரம் நின்றேன். கான் சாகிப் என்கிற யூசுப் கான், மருதநாயகம். கம்பெனிக்காக மதுரையை ஆண்டு, பிறகு கம்பெனியையும் நவாபையும் எதிர்த்து நின்று, 1764 அக்டோபர் 15-ல் இந்த ஊரில் தூக்கில் தொங்கினார். கான் சாகிப் என்பது மதுரை வாயில் தேய்ந்து "கான்சா" ஆகிவிட்டது. இந்தத் தேய்மானத்தை யாரும் திருத்திவிடக் கூடாது.

மே 4, ஞாயிறு

மேலமாசி வீதி 251-A. 1921 செப்டம்பர் 22-ல் காந்தி இந்த வீட்டில்தான் சட்டையையும் தொப்பியையும் விட்டு அரைவேட்டிக்கு மாறினார். அதற்காக வீதிக்கு அவர் பெயரை வைக்காமல் விட்டதே சரி. கதவு எண்ணைச் சொன்னால் போதும், மாசியும் பிழைத்தது, காந்தியும் இருக்கிறார்.

மே 9, வெள்ளி

தேரோட்டம். விடியும் முன்பே தேரடிக்குப் போய்விட்டோம். சுவாமி பெரிய தேரில், மீனாட்சி சின்னத் தேரில். கீழமாசியிலிருந்து தெற்குமாசிக்குத் திரும்புகிற முக்கில் தம்பி மகளைத் தோளில் தூக்கிக்கொண்டேன். இந்த வயதில் முதுகு பிடித்துக்கொண்டது, பரவாயில்லை.

அவ்வளவு பெரிய தேர் முக்கில் சட்டென்று திரும்பாது. வடத்தை நேராக இழுத்துக்கொண்டு போக முன்னால் இடம் வேண்டும். இல்லாவிட்டால் இழுக்கிறவர்கள் வீட்டுச் சுவரில் போய் முட்டுவார்கள். அதற்காகவே மாசி வீதி முக்குகளை ஒட்டித் தெரு விட்டு, வடம்போக்கித் தெரு என்று பெயரும் வைத்தார்கள்.

ராத்திரி நோட்டைக் காட்டினாள். வெளி வீதி ஓரமாக நீல பென்சிலில் அகழி ஓடுகிறது. எழுகடல் தெருவில் ஏழு அலை. கீழமாசி முக்கில் தேர் பாதி திரும்பியிருக்கிறது, வடம் மட்டும் திரும்பாமல் நேராகப் பக்கத்துத் தெருவுக்குள் போகிறது.