தேன் மாசியில், விற்பனை கார்த்திகையில்: வணிகத் திட்டப் போட்டிக்குப் போன அனுபவம்

பல்கலைக்கழக வணிகத் திட்டப் போட்டிக்கு இந்த வருஷ அறிவிப்பு வந்ததிலிருந்து ஜூனியர் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து கேட்கிறார்கள், அக்கா, உங்க பிபிடி இருக்கா, ஒண்ணு அனுப்புங்க என்று. அனுப்புவதில் எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஸ்லைடுகளை மட்டும் பார்த்தால் எதுவும் புரியாது, ஏனென்றால் அதில் இருப்பதெல்லாம் கொஞ்சம் படமும் நாலைந்து எண்களும்தான். அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்பதில்தான் எங்கள் வேலை முழுக்கப் போனது. அதனால் எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முதலில் நடைமுறை. இரண்டு பக்கச் சுருக்கம் அனுப்ப வேண்டும், அதில் தேர்வானால் முழுத் திட்ட அறிக்கை, அப்புறம் ஐந்து நிமிடப் பேச்சு உள்ள ஒரு சுற்று, அதைத் தாண்டினால் பல்கலைக்கழக வளாகத்தில் இறுதிச் சுற்று. துறைத் தலைவர் கையெழுத்து, படிப்புச் சான்றிதழ், அடையாள அட்டை நகல் எல்லாம் கேட்பார்கள். கையெழுத்து போடுபவர் விடுப்பில் போவதற்கு முன் வாங்கி வைத்துவிடுங்கள், இதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

எங்கள் குழுவில் மூன்று பேர். நான் வணிகவியல், இன்னொருத்தி வேதியியல், மூன்றாவது ஆள் குலசேகரம் பக்கத்துப் பையன், கணினி அறிவியல். மூன்று துறையிலிருந்தும் ஆள் இருந்தது திட்டம் போட்டுச் செய்ததல்ல, ஒரே பஸ்ஸில் போய் வருகிறவர்கள், அவ்வளவுதான். ஆனால் அது பின்னால் ரொம்பவே உதவியது. ஒரே வகுப்பில் நாலு பேர் சேர்ந்து போகிற குழுக்களைப் பார்த்தேன், நடுவர் ஒரு கேள்வி கேட்டால் நாலு பேருக்கும் ஒரே பதில்தான் தெரிகிறது, தெரியாததும் நாலு பேருக்கும் ஒன்றாகவே இருக்கிறது.

எங்கள் யோசனை தேன். மார்த்தாண்டம் தேன் தெரியாதவர்கள் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்க மாட்டார்கள். 1920களில் மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ. கிராம முன்னேற்ற மையத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் பெட்டியில் தேனீ வளர்ப்பதைச் சொல்லிக்கொடுத்ததிலிருந்து வந்த தொழில். 1990களின் தொடக்கத்தில் வைரஸ் நோய் வந்து தேனீக் கூட்டங்கள் ஏராளமாக அழிந்து, அப்புறம் மெல்லத் தலையெடுத்தது. 2023ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இதையெல்லாம் சுருக்கத்தின் முதல் பத்தியில் எழுதியிருந்தோம். நடுவர்கள் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை! பெருமையைச் சொல்ல ஒரு வரி போதும்.

அவர்கள் கேட்டது பிரச்சினை என்ன என்று. பிரச்சினை ஈரப்பதம். இங்கே கிடைப்பதில் பெரும்பகுதி ரப்பர் தேன். ரப்பர் இலை உதிர்ந்து புதுத் தளிர் விடும்போது பூவில் இல்லாமல் இலைக்காம்பில் உள்ள சுரப்பிகளில் இனிப்பு ஊறும், அதைத்தான் தேனீ எடுக்கிறது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, மாசி பங்குனியில், அதன் வேகம் அதிகம். அந்த வேகத்தில், நீர் வற்றித் தேனீ அறையை மெழுகால் மூடும் வரை பொறுக்காமல் தேனை எடுத்துவிடுவார்கள். நம் நாட்டு அடுக்குத் தேனீயின் தேன் ஏற்கெனவே கொஞ்சம் நீர்த்துத்தான் இருக்கும். உணவுப் பாதுகாப்பு விதிப்படி 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கக் கூடாது. கூடினால் நாள்பட நுரைத்துப் புளிக்கும். வியாபாரிகள் இதைச் சொல்லித்தான் விலையைக் குறைப்பார்கள், வளர்க்கிறவரிடம் அளக்கக் கருவி இல்லை, எனவே சொன்ன விலைதான் விலை.

எங்கள் திட்டம், பெட்டி வைத்திருப்பவர் கண் முன்னாலேயே ஈரத்தை அளந்து, அதற்குத் தகுந்த விலை கொடுத்து வாங்கி, அதிகச் சூடு காட்டாமல் ஈரத்தைக் குறைத்து, ஊர்ப் பெயர் போட்ட அரைக்கிலோ பாட்டிலில் விற்பது. அளக்கிற கருவி ரிஃப்ராக்டோமீட்டர். கண்ணாடிப் பரப்பில் ஒரு சொட்டுத் தேனை வைத்து மூடியை அழுத்தி வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்தால் உள்ளே மேல்பாதி நீலமாகவும் கீழ்பாதி வெள்ளையாகவும் தெரியும், இரண்டும் சந்திக்கிற கோட்டில் உள்ள எண்தான் ஈரம். குலசேகரம் பையனின் மாமா தேனீ வளர்க்கிறார், அவருடைய ரப்பர் விளையில் (தோட்டத்தில்) வைத்து அவரையே பார்க்கச் சொன்னோம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இருபத்திமூணா மக்களே? இத்தன வருசமா வியாபாரி சொன்னதத்தானே நம்பிட்டு இருந்தோம்" என்றார். அந்த வாக்கியத்தை அப்படியே சுருக்கத்தில் போட்டோம். முதல் கட்டத்தில் எங்களைத் தேர்வு செய்தது அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

சரி, இனி எண்கள். முழு அறிக்கைக்கு அவர்களே ஒரு எக்செல் டெம்ப்ளேட் தருவார்கள். முதல் மாதம் இவ்வளவு விற்பனை, அடுத்த மாதம் பத்து சதவீதம் கூடுதல், அப்படியே பன்னிரண்டு கட்டமும் இழுத்துக்கொண்டு போனால் கடைசியில் லாபம் பச்சை நிறத்தில் வந்து நிற்கும். மொபைல் ஆப் செய்கிறவர்களுக்கு அது சரியாக இருக்கலாம். தேனுக்கு எப்படிச் சரியாகும்? வருஷம் முழுக்க விற்க வேண்டிய சரக்கை மூன்று மாதத்துக்குள் வாங்கியாக வேண்டும். சும்மா கணக்குக்குக் கிலோ 200 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு டன் வாங்க 4 லட்சம் ரூபாய், அதுவும் ஏப்ரல் முடிவதற்குள். விற்பனை எப்போது? எங்கள் பாட்டிலுக்கு நாங்கள் நம்பியிருந்த பெரிய சந்தை கன்னியாகுமரிக்கு வருகிற வெளியூர்க்காரர்கள். அங்கே கூட்டம் குவிவது சபரிமலை சீசனில், கார்த்திகை பிறந்து தை வரை. அதாவது மாசியில் போட்ட பணம் கார்த்திகையில்தான் திரும்ப ஆரம்பிக்கும். நடுவில் ஒரு மழைக்காலமே கிடக்கிறது.

தாளில் லாபம் இருக்கிறது, கையில் பணம் இல்லை. இந்த இடைவெளியைத் தாங்கத் தேவைப்படும் பணத்துக்குப் பெயர் நடைமுறை மூலதனம் என்று மூன்று வருஷமாக வகுப்பில் படித்துப் பரீட்சையும் எழுதியவள் நான். ரப்பர் விளையில் நின்று யோசித்தபோதுதான் அது என்ன என்று உறைத்தது.

பாதிப் பணம் வாங்கும்போது, பாதி விற்ற பிறகு என்று நாங்கள் ஒரு வழி வைத்தோம். மாமா ஒரே அடியாக மறுத்தார். கார்த்திகை வரை அவர் எப்படிக் காத்திருப்பார்? பிறகு பேச்சுவாக்கில் அவரே ஒரு வழி சொன்னார். ஜூன் மாதம் மழை தொடங்கினால் தேனீக்குத் தீனி கிடைக்காது, பெட்டி அழியாமல் இருக்கச் சீனிப்பாகு வைக்க வேண்டும். "மழைக்குச் சீனி வாங்கதுக்குத்தான் மக்களே எனக்குப் பைசா தட்டுப்பாடு. முக்காவாசிய இப்பத் தாங்க, மீதிய ஜூன்ல தந்தாப் போதும், இப்பவே முழுசும் கையில இருந்தா வேற வழியில செலவாயிப் போவும்." கால்வாசிப் பணத்துக்கு இரண்டு மூன்று மாதம் அவகாசம் கிடைத்தது, அவருக்கும் சீனிக்குப் பணம் சரியான நேரத்தில் வரும். மே, ஜூனில் பணம் வர வேண்டுமே என்று சித்த மருந்துக் கடைகளுக்கும் லேகியம் செய்கிறவர்களுக்கும் மொத்தமாக ஒரு பங்கை லாபம் குறைத்துக் கொடுப்பது என்று சேர்த்தோம். டெம்ப்ளேட்டை அப்படியே விட்டுவிட்டு, மாதவாரியாகக் கையில் எவ்வளவு பணம் நிற்கும் என்று தனியாக ஒரு தாள் போட்டு இணைத்தோம். செப்டம்பர், அக்டோபர் கட்டங்கள் சிவப்பாகவே இருந்தன. அதை மறைக்கவில்லை, அந்த இடைவெளிக்குத்தான் பணம் கேட்கிறோம் என்று எழுதினோம்.

வேதியியல்காரி கொண்டுவந்த கணக்கு இன்னொன்று. 23 சதவீத ஈரமுள்ள ஆயிரம் கிலோ தேனில் நீர் போக மீதி 770 கிலோ. அதை 20 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் மொத்த எடை 962 கிலோ சொச்சம்தான். ஆக இரண்டு டன் வாங்கினால் அரைக்கிலோ பாட்டில் 4,000 வராது, 3,850தான் வரும். வெளியே போகிற ஆவிக்கும் சேர்த்துத்தான் விலை கொடுக்கிறோம். இதைப் பார்த்த பிறகுதான் ஈரத்துக்கு ஏற்ற விலைப்பட்டியலைத் திருத்தினோம். பாட்டில் விஷயத்திலும் ஒன்று, தேன் தண்ணீரைவிடக் கனம், 500 மில்லி பாட்டிலில் கிட்டத்தட்ட 700 கிராம் பிடிக்கும். பாட்டில் கடையில் மில்லிக் கணக்கு, லேபிளில் கிராம் கணக்கு. தேன், ஊறுகாய், எண்ணெய் என்று எதை எடுத்தாலும் இதை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்து நிமிடச் சுற்று நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் நடந்தது. எங்களுக்கு முன் பேசிய குழு, இந்தியாவில் இத்தனை ஆயிரம் கோடிச் சந்தை, அதில் ஒரே ஒரு சதவீதம் பிடித்தால் எங்களுக்கு இத்தனை கோடி என்று ஆரம்பித்தது. நடுவர் ஒருவர் இடைமறித்து, அந்த ஒரு சதவீதத்தில் முதல் ஆளுடைய வீடு எங்கே இருக்கிறது தம்பி என்று கேட்டார். அரங்கமே சிரித்தது, எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது. ஏனென்றால் எங்களிடமும் அப்படி ஒரு ஸ்லைடு இருந்தது! பேசும்போது அதை மட்டும் தாண்டிப் போய்விட்டேன். பேசி வைத்திருந்த கடைகள் எவை, எந்தக் கடை எத்தனை பாட்டில் எடுப்பதாகச் சொன்னது, கமிஷன் எவ்வளவு கேட்டது என்று அடியிலிருந்து கூட்டிக்கொண்டு போனேன். சின்ன எண்தான் வந்தது. யாரும் சிரிக்கவில்லை.

மொழி பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். தமிழில் பேசலாம் என்று விதியிலேயே இருந்தது, இருந்தும் பாதிப் பேர் ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்து வந்து நடுவில் மறந்து நின்றார்கள். நான் தமிழில்தான் பேசினேன். நடுவர் ஆங்கிலத்தில் கேட்டாலும் தமிழில் பதில் சொன்னேன், ஒரு மதிப்பெண்ணும் குறைந்ததாகத் தெரியவில்லை. ஆனால் பிபிடியில் தமிழ் எழுத்துரு அங்குள்ள கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வந்துவிடும் வாய்ப்பு உண்டு. பிடிஎஃப் ஆக மாற்றி எடுத்துப் போங்கள்.

இறுதிச் சுற்றுக்கு வடசேரியில் பஸ் ஏறினோம். மடியில் கண்ணாடிப் பாட்டில்கள். ஆரல்வாய்மொழி தாண்டும் வரை மூன்று பேரும் வாயே திறக்கவில்லை. அங்கே நடுவர்களில் உணவுத் தொழில் தெரிந்த ஒருவர் இருந்தார். நான் பேச ஆரம்பித்ததும் அவர் மேசையில் இருந்த எங்கள் பாட்டிலை எடுத்துத் தலைகீழாகப் பிடித்து, உள்ளே காற்றுக்குமிழி மேலே ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். தேன் நீர்த்திருந்தால் குமிழி சட்டென்று ஏறும், கெட்டியாக இருந்தால் அசைந்து அசைந்து ஏறும். அவர் பார்த்து முடிக்கும்வரை என் பேச்சு அவர் காதில் விழுந்திருக்காது. பிறகு எங்கள் ரிஃப்ராக்டோமீட்டரைக் கேட்டு வாங்கித் தானே ஒரு சொட்டு வைத்துப் பார்த்தார். கேள்விகள் முழுக்க அவரிடமிருந்துதான். எத்தனை டிகிரி வரை சூடாக்குவீர்கள், சூட்டில் தேனில் கூடுகிற ஹெச்.எம்.எஃப். என்ற வேதிப்பொருளின் அளவுக்கு விதியில் உள்ள வரம்பு என்ன என்றார். கிலோவுக்கு 80 மில்லிகிராம் என்று வேதியியல்காரி உடனே சொன்னாள். ஈரம் எடுக்கும் இயந்திரம் வாங்க எங்கே போவீர்கள் என்றார். சிறு உணவுத் தொழில்களுக்கான பிரதமர் திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை அப்போது மானியம் இருந்தது, மாவட்டத் தொழில் மையத்தில் விசாரித்திருந்தோம், அதைச் சொன்னோம். வேறொரு நடுவர் அந்தச் சிவப்புக் கட்டங்களைக் காட்டி, இதை ஏன் இப்படியே விட்டிருக்கிறீர்கள் என்று கேட்டார். மாமா சொன்ன சீனிக் கதையைச் சொன்னேன். அவர் எதையோ எழுதிக்கொண்டார், முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

இரண்டாம் பரிசு கிடைத்தது. முதல் பரிசு குளச்சல் பக்கத்துப் பிள்ளைகளுக்கு, வள்ளத்தில் போகிற மீனவர்களுக்கு ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுகிற திட்டம். அவர்கள் ஆங்காங்கே தடுமாறித்தான் பேசினார்கள், ஆனால் ஏற்கெனவே முன்பணம் கொடுத்தவர்களின் கையெழுத்துள்ள நோட்டு ஒன்றை நடுவர் முன் வைத்தார்கள். எங்கள் கடைக்காரர்கள் எடுப்பதாகச் சொன்னார்கள், யாரும் காசு தரவில்லை. வித்தியாசம் அதுதான், எனக்கு வருத்தம் இல்லை.

பரிசுப் பணம் உடனே கைக்கு வராது, வங்கி விவரம், ரசீது, துறை வழியாகக் கடிதம் என்று இழுக்கும், அதை நம்பி எதற்கும் தேதி குறிக்காதீர்கள். நான் இப்போது வேறு வேலையில் இருக்கிறேன், குலசேகரம் பையன் மட்டும் மாமாவோடு சேர்ந்து உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுத்துச் சின்ன அளவில் பாட்டில் போடுகிறான். யோசனையை யாராவது திருடிவிடுவார்களோ என்று சிலர் கேட்டீர்கள். இரண்டு பக்கத்தைப் படித்துவிட்டு அந்த மழைக்கணக்கை ஒருவர் போட முடிந்தால் தாராளமாகப் போடட்டும். பிபிடியும் பணவரவுத் தாளும் வேண்டியவர்கள் கேளுங்கள், அனுப்புகிறேன். ரிஃப்ராக்டோமீட்டர் குலசேகரம் பையனிடம் இருக்கிறது, இரவல் தருவான், ஆனால் பிப்ரவரிக்கு முன் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.