பி ஸ்டிக்கர் ஒட்டிய முதல் ஆறு மாதம்

மலேசியாவில் எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடிந்த கையோடு லைசென்ஸ் எடுக்கக் கிளம்பும் தம்பி தங்கைகளுக்கு, பினாங்கில் ஒரு தடவை ஃபெயிலாகி எடுத்தவள் எழுதுகிறேன்.

கார் லைசென்ஸ் எடுக்க நமக்கு 17 வயது ஆகியிருக்க வேண்டும். முதலில் கம்ப்யூட்டர் தேர்வு: 50 கேள்வி, 42 சரியாக இருந்தால் பாஸ். தமிழிலும் எழுதலாம். நான் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைதான், ஆனாலும் மலாயில் எழுதினேன். ரோட்டுப் பலகையெல்லாம் மலாயில்தானே.

ஓட்டிக் காட்டும் தேர்வில் ஆளைக் கவிழ்ப்பது மேடுதான். மேட்டில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, பின்னால் உருளாமல் கிளம்ப வேண்டும். நான் அவசரப்பட்டு ஹேண்ட்பிரேக்கை இறக்கினேன். கார் பின்னால் போனது, அத்தோடு சரி. சொல்லிக்கொடுத்த அங்கிள் திட்டவில்லை. "காலைப் பார்க்காதம்மா, சத்தத்தைக் கேளு" என்றார். கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் ஒரு இடத்தில் இன்ஜின் சத்தம் கம்மும், பானெட் லேசாகத் தூக்கும். காலை அங்கேயே நிறுத்துங்கள், அப்புறம்தான் ஹேண்ட்பிரேக். ஆட்டோ கியர் காருக்கான டிஏ லைசென்ஸ் எடுத்தால் கிளட்ச் தொல்லை இல்லை, ஆனால் அதை வைத்து மேனுவல் ஓட்ட முடியாது. எங்கள் வீட்டில் இருப்பது பழைய மேனுவல் கன்சில் கார். எனக்கு வேறு வழியில்லை.

பாஸானால் 2 வருடம் பி, அதாவது புதிதாக ஓட்டுகிறவர்களுக்கான தற்காலிக லைசென்ஸ். பி ஸ்டிக்கரை காரின் முன்னும் பின்னும் ஒட்ட வேண்டும். வெட்கப்பட்டுக் கழற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்துத்தான் பின்னால் வருகிறவர் கொஞ்சம் பொறுமை காட்டுகிறார்!

நியூசிலாந்தில் 1987-லேயே படிப்படியாக லைசென்ஸ் கொடுக்கும் முறை வந்துவிட்டது. அங்கே நடுப்படியில் இருப்பவர், அனுபவசாலி பக்கத்தில் இல்லாமல் இரவு 10 முதல் காலை 5 வரை ஓட்டக் கூடாது, கூட்டாளிகளை ஏற்றவும் கூடாது. நம்ம பி-யில் அந்தத் தடை இல்லை. அதனால்தான் இரண்டாவது வாரமே ராத்திரி 11 மணிக்கு மூன்று பேரை ஏற்றிக்கொண்டு பாயான் லெப்பாஸிலிருந்து கர்னி டிரைவுக்குப் போனேன். மழை. பின்சீட்டில் ஒரே சிரிப்பு. நானும் திரும்பி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இடது லேனுக்கு ஒடித்தேன். கண்ணாடியில் தெரியாத மோட்டார்சைக்கிள் இடது கதவோரம் இருந்தது. அவர் ஹார்ன் அடித்ததால் தப்பித்தோம்.

மறுநாள் அம்மாவிடம் நானே சொல்லிவிட்டேன்: ஆறு மாதத்துக்கு 10 மணிக்கு மேல் சாவி வேண்டாம், கூட்டாளி ஒருவருக்கு மேல் இல்லை, மழையென்றால் அப்பா பக்கத்தில். லேன் மாற்றும்போது தோளுக்கு மேல் ஒரு பார்வை. பினாங்குப் பாலத்தை முதன்முதலில் ஞாயிறு காலையில்தான் கடந்தேன். 13.5 கிலோமீட்டரும் லேன் மாற்றவே இல்லை. அக்கரையில் பிறை ஊர்ப் பக்கம் இறங்கியபோது விரலெல்லாம் வலி. ஸ்டீரிங்கை அப்படிப் பிடித்திருக்கிறேன்.