ஐஇஎல்டிஎஸ் தேறியாச்சு, அசைன்மென்ட் ஏன் தேறவில்லை?

வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்கள் எழுதும் ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ் அகாடமிக்கின் இரண்டாவது எழுத்துப் பகுதியில் கேட்பது குறைந்தது 250 சொற்கள். மனதில் பட்டதை ஒழுங்காக அடுக்கினால் போதும், எங்கே படித்தாய் என்று யாரும் கேட்பதில்லை. கல்லூரி அசைன்மென்டில் அந்தக் கேள்விதான் முதலில் வரும். நல்ல ஸ்கோரோடு போகிறவர்களும் முதல் பருவத்தில் திணறுவது இதனால்தான்.

பெரும்பாலோர் செய்வது: மூலக் கட்டுரையைத் திறந்து வைத்துக்கொண்டு, நான்கு சொல்லுக்கு ஒரு சொல்லை மாற்றி எழுதுவது. வாக்கிய அமைப்பு அப்படியே நிற்கும். பிற எழுத்துகளோடு ஒப்பிட்டு நகலைக் காட்டும் மென்பொருளான டர்னிடின் பிடிக்காவிட்டாலும் ஆசிரியர் பிடித்துவிடுவார். எங்களுக்குப் பலித்த முறை வேறு. பத்தியை இரண்டு முறை படித்து மூடிவிடுங்கள். நினைவிலிருந்து ஐந்தாறு குறிப்புகள் மட்டும் எழுதுங்கள், முழு வாக்கியம் வேண்டாம். கொஞ்ச நேரம் கழித்து அந்தக் குறிப்புகளை மட்டும் பார்த்து எழுதிய பிறகே மூலத்தைத் திறந்து ஒப்பிடுங்கள். துறைச் சொற்கள் ஒத்துப்போவதில் தவறில்லை. மற்றபடி நான்கைந்து சொற்கள் தொடர்ச்சியாக ஒன்றாக இருந்தால் மேற்கோள் குறிக்குள் போடுங்கள், அல்லது திரும்ப எழுதுங்கள். சொந்த நடையில் எழுதினாலும் மூலத்தை எழுதியவர் பெயரும் அது வெளியான ஆண்டும் கட்டாயம். இதை விட்டுவிட்டு மாட்டிக்கொள்பவர்கள் ஏராளம். டர்னிடின் காட்டும் சதவீதத்தைப் பார்த்து மட்டும் பதற வேண்டாம். ரெஃபரன்ஸ் பட்டியலும் மேற்கோள்களும்கூட அதில் சேர்ந்திருக்கலாம்.

ஓர் ஆய்வு எதையோ 'ப்ரூவ்' செய்கிறது என்று எழுதுவதும் மதிப்பெண்ணைக் குறைக்கும். பெரும்பாலான ஆய்வுகள் அவ்வளவு தூரம் போவதில்லை. 'சஜஸ்ட்', 'இண்டிகேட்' போன்ற மென்மையான வினைகள் போதும்.

சொல்வளத்துக்கு மொழி ஆய்வாளர் அவெரில் காக்ஸ்ஹெட் 2000இல் வெளியிட்ட அகாடமிக் வேர்ட் லிஸ்ட் (கல்வி நூல்களில் அடிக்கடி வரும் ஆங்கிலச் சொற்களின் பட்டியல்) இன்றும் கைகொடுக்கும். மொத்தம் 570 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைக்கும் வடிவங்களும் ஒரு குடும்பம்), பத்துப் பிரிவுகள். அதிகம் புழங்கும் 60 முதல் பிரிவில் இருக்கின்றன, அங்கிருந்து தொடங்குங்கள். பொருளை மட்டும் மனப்பாடம் செய்தால் எழுதும்போது கைவராது. எந்த வினையோடு, எந்த முன்னிடைச்சொல்லோடு (ப்ரெபோசிஷன்) வருகிறது என்பதையும் சேர்த்து எழுதி வையுங்கள்.

ஆய்வுக் கட்டுரையை முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினால் பாதியில் தூக்கம் வரும். முதலில் அப்ஸ்ட்ராக்ட் (கட்டுரையின் தொடக்கச் சுருக்கம்), முன்னுரையின் கடைசிப் பத்தி, முடிவுரை, அப்புறம் படங்களும் அட்டவணைகளும். இவ்வளவு பார்த்த பிறகும் தேவைப்பட்டால்தான் நடுப்பகுதி.

லெக்சருக்கு முன்பே ஸ்லைடைப் புரட்டி, பெயர்களையும் கலைச்சொற்களையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். காதுக்குப் பழகாத பெயர் ஒன்று வந்தால் அதற்கு அடுத்த இரண்டு வாக்கியங்களும் தவறிப்போகும். செமினாரில் முதல் பத்து நிமிடத்துக்குள் ஒரு கேள்வியாவது கேட்டுவிடுங்கள். தாமதிக்கத் தாமதிக்க வாய் திறப்பது கடினம்.

கல்லூரியில் எழுத்து உதவி மையம் இருந்தால், கெடு நெருங்கும் முன்பே நேரம் வாங்குங்கள். இலக்கணத்தைத் திருத்தித் தரச் சொன்னால் பெரும்பாலும் மறுப்பார்கள். 'இரண்டாம் பத்தியில் என் வாதம் புரிகிறதா?' என்று கேளுங்கள், உட்கார்ந்து பேசுவார்கள்.