ஒப்புதல் படிவத்தை வாசித்துக் காட்டும் வேலை

என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்கிறவர்களிடம் "கேன்சர் ஆஸ்பத்திரியில கோஆர்டினேட்டர்" என்று சொல்லி முடித்துக்கொள்வேன். புது மருந்துகளுக்கான மருத்துவ ஆய்வு என்று விளக்கப் போனால், "மனுஷங்க மேல டெஸ்ட் பண்றதா?" என்று முகம் மாறிவிடும். ஆமாம், அதேதான். ஆய்வுக்குப் பொறுப்பு டாக்டர். ஃபைல், ரத்த மாதிரி, மருந்துக் கணக்கு, 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் நடுவில் நிற்க வேண்டிய ஃபிரிட்ஜ், நோயாளியின் பஸ் டிக்கெட் எல்லாம் என் பாடு. (பஸ் டிக்கெட்டை வாங்கிய அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்துவிட வேண்டும். மெஷினில் வரும் டிக்கெட்டில் எழுத்து சீக்கிரமே வெளுத்துவிடும். வெற்றுத்தாளைக் காட்டிப் பயணப்படி வாங்க முடியாது.) படித்தது பி.ஃபார்ம். ஆனால் படித்ததைவிட அதிகமாகச் செய்வது, ஒருவருக்கு எதிரில் உட்கார்ந்து அவர் உடம்பைப் பற்றி அவரிடமே பேசுவது.

ஆய்வில் சேருகிறவர் கையெழுத்துப் போடும் ஒப்புதல் படிவம் இருபது பக்கத்துக்குக் குறையாது. பக்கத்துக்குப் பக்கம் அடியில் பதிப்பு எண்ணும் தேதியும் இருக்கும். கையெழுத்துக்குப் பக்கத்தில் தேதியை நோயாளியே எழுத வேண்டும், நாம் எழுதித் தரக் கூடாது. படிக்கத் தெரியாதவர் என்றால் ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி முழுவதையும் கூட இருந்து கேட்டுவிட்டுக் கைநாட்டுக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். சில ஆய்வுகளில் இது வீடியோவிலும் பதிவாகும். உச்ச நீதிமன்ற வழக்கு ஒன்றையொட்டி 2013இல் வந்த ஏற்பாடு அது. மருந்து முற்றிலும் புதிய மூலக்கூறாக இருந்து, பங்கேற்பவரும் எளிதில் பாதிக்கப்படக்கூடிய நிலையில் இருந்தால் பதிவு கட்டாயம் என்கிறது இப்போது நடப்பில் இருக்கும் 2019ஆம் ஆண்டு விதி.

சிக்கல் முதல் பக்கத்திலேயே வந்துவிடும். "உங்களுக்குப் புற்றுநோய் இருக்கிறது, கொடுத்த சிகிச்சைக்குப் பிறகும் அது வளர்ந்திருக்கிறது" என்ற விஷயத்தைச் சொல்லாமல் இரண்டாம் பக்கத்துக்குப் போக முடியாது. அதைச் சொல்லக் கூடாது என்றுதான் பாதிக் குடும்பங்கள் என்னை வராந்தாவிலேயே மடக்கும். "மேடம், அப்பாகிட்ட கேன்சர்னு மட்டும் சொல்லிடாதீங்க. வயித்துப் புண்ணுன்னு சொல்லி வச்சிருக்கோம்." ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிந்தும் அதே வயிற்றுப் புண்தான். முந்தைய கையெழுத்துகளை மகன் போட்டிருப்பார், அல்லது என்னவென்று கேட்காமலேயே அப்பா போட்டிருப்பார். ஆய்வில் அது செல்லாது. நினைவு தெளிவாக இருக்கிற ஒருவருக்குப் பதிலாக மகனோ மனைவியோ சம்மதம் சொல்ல முடியாது.

தெற்கே விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவரின் மகனும் இப்படித்தான் கெஞ்சினார். இரண்டு நாள் டயம் கேட்டார், கொடுத்தோம். மூன்றாம் நாள் அம்மா, மகன், மகள் எல்லோரையும் வைத்துக்கொண்டு டாக்டர் ஆரம்பித்தார். பாதி வாக்கியத்திலேயே பெரியவர் கையைக் காட்டி நிறுத்தினார். "எனக்குத் தெரியும் தாயி," என்று என்னைப் பார்த்துத்தான் சொன்னார். எப்படித் தெரியும்? ரயிலில். புற்றுநோயாளிகள் சிகிச்சைக்காகப் போனால் ஸ்லீப்பரில் அவர்களுக்குக் கட்டணம் இல்லை, துணைக்கு வருபவருக்குக் கால் கட்டணம். மகன் பொறுப்பாக ஆஸ்பத்திரியில் சான்றிதழ் வாங்கி டிக்கெட் எடுத்திருக்கிறார். அவர் கழிவறைப் பக்கம் போயிருந்த நேரத்தில் டிக்கெட் பரிசோதகர் வந்து, "இதுல கேன்சர் பேஷண்ட் யாரு?" என்று பெட்டி முழுக்கக் கேட்கிற மாதிரி விசாரித்திருக்கிறார். "நாந்தான்யா"ன்னு கை தூக்கினேன் என்றார் பெரியவர். அப்போது இரண்டாவது கீமோகூட ஆகவில்லையாம். "பய கடன் வாங்கி ஓடிட்டிருக்கான். எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா இன்னும் உடஞ்சிருவான்னு விட்டுட்டேன்." அதற்கு முன் அந்தக் குடும்பத்தில் யாரும் ஒருவரையொருவர் நேருக்கு நேர் கேட்டுக்கொண்டதில்லை. அப்புறம் பெரியவர் கேள்விகளாகக் கேட்டார். மகனுக்குத்தான் பேச்சு வரவில்லை.

மறைக்கிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவர்கள் பார்த்த கேன்சர் எல்லாம் செத்துப்போனவர்களுடையது. ஆனால் கையெழுத்துக்காகவாவது ஒரு மனிதரிடம் அவருடைய நோயைச் சொல்லியே ஆக வேண்டும் என்று சட்டம் வற்புறுத்துவதில் எனக்கு முழுச் சம்மதம். ஆய்வு இல்லாத சாதாரண சிகிச்சையிலும் அப்படி யாராவது வற்புறுத்தினால் நன்றாயிருக்கும் என்றுகூடத் தோன்றும்.

அடுத்த இடறல், ஆய்வில் யாருக்கு எந்தச் சிகிச்சைப் பிரிவு என்பதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்யும் என்பது. புற்றுநோய் ஆய்வில் மருந்தே இல்லாத சும்மா மாவு மாத்திரையை மட்டும் கொடுத்து அனுப்புவது அபூர்வம். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை, இன்னொரு பிரிவுக்கு அதோடு புது மருந்து என்பதுதான் பெரும்பாலும் நடக்கும். டாக்டர் தேர்ந்தெடுக்க மாட்டார் என்றால் படித்தவர்கள்தான் கோபப்படுவார்கள். மற்றவர்கள் "முருகன் விட்ட வழி" என்று விட்டுவிடுவார்கள். ஆனால் கையெழுத்துப் போடும் நேரத்தை முருகனிடம் விடுவதில்லை. வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகுகாலம், அது முடியும்வரை பேனாவைத் தொட மாட்டார்கள். ஒருமுறை ஆய்வுப் பதிவுகளைச் சரிபார்க்கப் பெங்களூரிலிருந்து வந்த மானிட்டர், விளக்கம் சொல்லி முடித்ததற்கும் கையெழுத்துக்கும் நடுவில் ஏன் இவ்வளவு இடைவெளி என்று கேட்டார். யோசிக்கப் போதிய அவகாசம் தரப்பட்டது என்றேன். ரொம்ப நல்ல நடைமுறை என்று பாராட்டிவிட்டுப் போனார்.

எனக்கே வாசிக்கக் கஷ்டமாக இருக்கும் வரி ஒன்று உண்டு. "இந்த ஆய்வால் உங்களுக்கு நேரடிப் பலன் இல்லாமலும் போகலாம். ஆனால் இதில் கிடைக்கும் தகவல் வருங்கால நோயாளிகளுக்கு உதவக்கூடும்." முதல் பாதியைச் சொல்வதில் தயக்கமில்லை. இரண்டாவது பாதிதான். வருங்கால நோயாளி என்றால் யார்? இதே பெரியவரின் பக்கத்து வீட்டுக்காரரா? ஒரு தவணைக்கே லட்சக்கணக்கில் ஆகும் மருந்து என்றால் அது அந்தத் தெருவுக்கு வராது.

உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் விலையுயர்ந்த மருந்தான நிவோலுமாப்பை வைத்து மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை செய்த ஆய்வின் மேல் எனக்குத் தனி மரியாதை வந்தது இதனால்தான். தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய் முற்றிய 151 பேர். ஒரு பிரிவுக்கு மெத்தோட்ரெக்ஸேட், செலிகாக்சிப், எர்லோட்டினிப் என்ற மாத்திரைகள். மற்ற பிரிவுக்கு அவற்றோடு மூன்று வாரத்துக்கு ஒருமுறை நிவோலுமாப் 20 மி.கி. வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 240 மி.கி. என்பதை நினைத்துப் பாருங்கள். ஓராண்டு தாண்டியவர்கள் மாத்திரை மட்டும் எடுத்த பிரிவில் 16.3 சதவீதம், இந்தச் சிறிய அளவும் சேர்ந்த பிரிவில் 43.4 சதவீதம். முடிவு 2023இல் அச்சில் வந்தது. முழு அளவோடு ஒப்பிட்ட ஆய்வு இல்லை அது, ஆகவே முழு அளவே வீண் என்று சொல்ல முடியாது. ஆனால் எவ்வளவு கொடுத்தால் போதும் என்ற கேள்வியை மருந்து விற்கும் கம்பெனி காசு போட்டுக் கேட்காது. அந்த ஆய்வில் நான் வேலை பார்த்திருந்தால் இரண்டாவது பாதியைத் தலை நிமிர்ந்து வாசித்திருப்பேன்.

மருந்தை நிறுத்தும் நாளும் பேச்சு நாள்தான். ஸ்கேனில் அளக்கும் கட்டிகளின் நீளத்தைக் கூட்டி, இதுவரை வந்ததில் மிகக் குறைந்த கூட்டுத்தொகையோடு ஒப்பிடுவார்கள். 20 சதவீதமும், கூடவே குறைந்தது 5 மி.மீ.யும் ஏறியிருந்தால் நோய் வளர்ந்துவிட்டது என்று கணக்கு. 50 மி.மீ. இருந்தது 61 ஆனால், பெரும்பாலான ஆய்வுகளில் அதோடு சரி. "நல்லாத்தானே சாப்பிடுறேன், நடக்குறேன், ஏன் நிறுத்துறீங்க?" என்பார்கள். அந்தப் பெரியவரும் கேட்டார். முதல் நாளே எல்லாம் பேசியிருந்ததால் படத்தைக் காட்டிப் பேச முடிந்தது. வயிற்றுப் புண் என்றே வைத்திருந்தால் அன்றைக்கு என்ன சொல்லியிருப்போம்?

இழப்பீடு பற்றிய பக்கத்தை எல்லோரும் வேகமாகத் தள்ளச் சொல்வார்கள், நான் தள்ள மாட்டேன். ஆய்வினால் மரணம் நேர்ந்தால் 8 லட்சத்தை அடிப்படையாக வைத்து, வயதுக்கும் நோயின் தீவிரத்துக்கும் உரிய எண்களைக் கொண்டு கணக்கிட்டுத் தொகை வரும். ஆரோக்கியமானவருக்கு 4 என்று இருக்கும் தீவிர எண், ஆறு மாதத்துக்கு மேல் இருக்க மாட்டார் என்று கணிக்கப்பட்டவருக்கு 0.5. கணக்கு எப்படி வந்தது என்று புரிகிறது. வாசிக்கும்போது எதிரில் இருப்பவர்தான் அந்த 0.5 என்பதும் புரிகிறது.

ஆய்வுகளைப் பரிசீலித்து அனுமதி தரும் எங்கள் எத்திக்ஸ் கமிட்டியில் மருத்துவம் படிக்காத உறுப்பினர் ஒருவர் இருக்கிறார், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. இப்படி ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. ஒவ்வொரு புது ஆய்வு வரும்போதும் தடித்த ஃபைலை மூடி வைத்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்பார்: "இந்த மருந்து கடைக்கு வந்தா என்ன விலைங்க?" போனமுறை அது மினிட்ஸில் ஏறி, கம்பெனிக்குக் கடிதமாகப் போனது. இந்தக் கட்டத்தில் விலை குறித்துக் கருத்துச் சொல்ல இயலாது என்று பதில் வந்தது. பதிலை நான் வாசித்து முடித்ததும், "சரி, அடுத்த கூட்டத்துக்கும் இதையே எழுதிக்கோங்க" என்றார். எழுதிக்கொண்டேன்.