கோர்ட் சொன்ன ஆறு மணி நேர வகுப்பு

டெக்சஸில் 21 வயது நிரம்பாதவர் கையில் பீர் கேன் இருந்தாலே குற்றம். குடித்திருக்க வேண்டியதில்லை, வண்டி ஓட்டியிருக்க வேண்டியதில்லை. 'மைனர் இன் பொசஷன்' என்று ஒரு டிக்கெட் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். முதல் முறை என்றால் சிறைத் தண்டனை கிடையாது. அபராதம் 500 டாலர் வரை போகும், கூடவே சமூக சேவை, மது விழிப்புணர்வு வகுப்பு.

என் அக்கா மகன் டாலஸ் பக்கம் இளநிலைப் பட்டம் படிக்கிறான், எஃப்-1 மாணவர் விசா. 20 வயதில் ஒரு அபார்ட்மென்ட் பார்ட்டியில் இந்த டிக்கெட் அவனுக்குக் கிடைத்தது. பெற்றோரோ சட்டப்படியான காப்பாளரோ கண்ணெதிரே இருக்கும்போது குடித்தால் குற்றமில்லை என்று இந்த மாநிலச் சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு. தாய்மாமன் அந்தப் பட்டியலில் இல்லை. நம் ஊரில் தாய்மாமனுக்கு இருக்கும் மரியாதை டெக்சஸ் சட்டசபைக்குத் தெரியவில்லை போலும். ஆனால் டிக்கெட் வந்த பிறகு அலைந்தது தாய்மாமன்தான்.

நான் வக்கீல் இல்லை. பிள்ளைகளைப் படிக்க அனுப்பிவிட்டு ஊரில் இருப்பவர்களுக்கும், என்னைப்போல் இங்கே மாட்டிக்கொண்ட மாமா, சித்தப்பாக்களுக்கும் உதவட்டும் என்று நடந்ததைச் சொல்கிறேன்.

பையன் முதலில் சொன்னது, "மாமா, டிக்கெட்தானே, ஆன்லைன்ல கட்டிடலாம்." முடியாது. வேகமாக ஓட்டியதற்கான டிக்கெட் வேறு, இது வேறு. 21 வயதுக்கு உட்பட்டவர் இந்த வகைக் குற்றத்தை ஒப்புக்கொள்வதென்றால் நீதிபதியின் முன்னால் நேரில் நின்று சொல்ல வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

கோர்ட்டுக்குப் போகும் முன் குடியேற்ற வழக்குகள் பார்க்கும் ஒரு வக்கீலிடம் பேசினோம். இந்தக் கதையில் நான் செலவழித்த பணத்தில் மிகவும் உருப்படியான செலவு அதுதான். டெக்சஸில் 'டெஃபர்டு டிஸ்பொசிஷன்' என்று ஒரு வழி இருக்கிறது. குற்றத்தை ஒப்புக்கொண்டோ, மறுக்கவில்லை என்று சொல்லியோ நின்றால் நீதிபதி தீர்ப்பைத் தள்ளிவைப்பார். சொன்ன நிபந்தனைகளை முடித்தால் வழக்கு தள்ளுபடி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 'கன்விக்‌ஷன்' (குற்றவாளி என்ற தீர்ப்பு) என்பதற்கு குடியேற்றச் சட்டம் தனக்கென்று ஒரு வரையறை வைத்திருக்கிறது. குற்றத்தை ஒப்புக்கொண்டு, அதன்மேல் நீதிபதி ஏதாவது ஒரு தண்டனையோ கட்டுப்பாடோ விதித்திருந்தால், பிறகு மாநிலம் வழக்கைத் தள்ளுபடி செய்தாலும் மத்திய அரசின் கண்ணில் அது தண்டனையாகத் தெரியலாம். கையில் பீர் இருந்தது என்பது மட்டுமே நாடு கடத்தும் அளவுக்குக் காரணம் ஆகாது என்றார் வக்கீல். ஆனால் இனி எந்தப் படிவத்தில் என்ன கேள்வி வந்தாலும் தன்னிடம் கேட்காமல் 'இல்லை' என்று டிக் அடிக்கக் கூடாது என்று பையனிடம் கண்டிப்பாகச் சொன்னார். விசாவுக்கான டி.எஸ்-160 படிவத்தில் எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா என்ற கேள்வி உண்டு. வழக்கு முடிந்துவிட்டது, மன்னிப்பு கிடைத்துவிட்டது என்பதெல்லாம் அதற்கு விடையாகாது.

அதே உட்காரலில் அவர் சொன்ன இன்னும் இரண்டை இங்கே எழுதிவைக்கிறேன், பல பெற்றோருக்குத் தெரியாது. குடித்துவிட்டு வண்டி ஓட்டிக் கைதானால், தீர்ப்பு வரும் முன்பே அமெரிக்க வெளியுறவுத் துறை விசாவை ரத்து செய்யலாம், செய்தும் வருகிறது. ஊருக்குப் போனால் புதிதாக விசா வாங்க வேண்டும், தூதரகம் சொல்லும் மருத்துவரிடம் பரிசோதனைக்கும் போக வேண்டியிருக்கும். இரண்டாவது, போதைப்பொருள். கஞ்சா பக்கத்து மாநிலத்தில் கடையில் கிடைக்கலாம், மத்திய சட்டப்படி அது இன்னும் குற்றம்தான். கஞ்சா எண்ணெய் நிரப்பிய வேப் பேனா டெக்சஸில் ஃபெலனி, அதாவது கடுமையான குற்ற வகை. அந்தக் குற்றச்சாட்டோடு மாணவன் ஒருவன் வந்தால் வகுப்பைப் பற்றிப் பேசவே தனக்கு நேரமிருக்காது என்றார். பையன் முகம் அப்போதுதான் கொஞ்சம் வெளிறியது.

கோர்ட்டில் எல்லாம் சீக்கிரம் முடிந்தது. தீர்ப்பு தள்ளிவைப்பு, எட்டு மணி நேரச் சமூக சேவை, 90 நாளுக்குள் மது விழிப்புணர்வு வகுப்பை முடித்துச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னொரு 90 நாள் வரை நீட்டிக்க நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. ஒரேயடியாகக் கொடுக்காமல் விட்டால் ஓட்டுநர் உரிமத்தை ஆறு மாதம் வரை முடக்கலாம். டாலஸ் பக்கத்தில் உரிமம் இல்லாமல் இருப்பது கால் இல்லாமல் இருப்பதுதான். பஸ்ஸை நம்பி இங்கே யாரும் வீடு எடுப்பதில்லை.

அப்புறம்தான் வகுப்பைத் தேடும் படலம். கூகுளில் தட்டினால் கொட்டுகிறது. நான்கு மணி நேரம், எட்டு மணி நேரம், பன்னிரண்டு, பதினாறு, இருபத்து நான்கு. துணிக்கடையில் சைஸ் பார்த்து எடுப்பதுபோல மணி நேரம் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். எல்லாவற்றிலும் 'கோர்ட் அங்கீகாரம் பெற்றது' என்று பச்சை டிக்கோடு ஒரு முத்திரை. எந்தக் கோர்ட் என்று தேடினால் அடியில் சின்ன எழுத்தில், 'உங்கள் நீதிமன்றம் ஏற்குமா என்று நீங்களே உறுதி செய்துகொள்ளவும்' என்று இருக்கும். பணத்தைத் திருப்பித் தருவோம் என்ற உத்தரவாதம் வேறு. கெடு முடிந்த பிறகு 25 டாலர் திரும்பி வந்து என்ன செய்ய?

டெக்சஸில் இதற்கென்று ஒரு முறை இருக்கிறது. டி.டி.எல்.ஆர் என்று சுருக்கிச் சொல்லப்படும் மாநில உரிமத் துறை இந்த வகுப்புகளுக்கு அனுமதி கொடுக்கிறது. முடி திருத்துபவர் முதல் எலக்ட்ரீஷியன் வரை உரிமம் கொடுக்கும் அதே துறைதான். 2017-க்கு முன் சுகாதாரத் துறையிடம் இருந்த வேலை இது. சிறார் மதுக்கல்வி வகுப்புக்கு ஆறு மணி நேரம், குடித்துவிட்டு ஓட்டி முதல் முறை மாட்டியவர்களுக்குப் பன்னிரண்டு, போதைப்பொருள் குற்றத்துக்குப் பதினைந்து. மூன்றும் தனித்தனிப் பாடத்திட்டம். சிறாருக்கான ஆறு மணி நேரத்துக்குப் பதில் வேறு ஏதோ ஒரு பன்னிரண்டு மணி நேரத்தை முடித்துவிட்டு, "இரண்டு மடங்கு படித்துவிட்டேன்" என்று கோர்ட்டில் நின்றால் செல்லாது. அந்தத் துறையின் இணையதளத்தில் அனுமதி பெற்றவர்களின் பெயரைத் தேடிப் பார்க்கலாம். நான் அங்கிருந்து சிலரை எடுத்து எழுதிக்கொண்டு கோர்ட் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். கிளார்க் அம்மா அலுத்துக்கொள்ளவில்லை. நான் கேட்டவை இவைதான்: ஆன்லைனில் எடுத்தால் ஏற்பீர்களா? ஆசிரியர் நேரலையில் இருக்க வேண்டுமா, இல்லை அவரவர் வேகத்தில் படிப்பதும் சரியா? சான்றிதழை மின்னஞ்சலில் அனுப்பலாமா, அசல் தாள் வேண்டுமா? நேரலை வகுப்பு என்றால் ஏற்போம், அசலைக் கொண்டுவந்து கொடுங்கள் என்று பதில் வந்தது. இன்னொரு ஊர் கோர்ட்டில் பதில் வேறாக இருக்கலாம். அதனால்தான் முதல் போன் கோர்ட்டுக்கு, கார்டு நம்பரைத் தட்டுவது அதற்குப் பிறகு.

பையனோடு அதே பார்ட்டியில் டிக்கெட் வாங்கிய அவன் அறைத் தோழன் எங்களைவிட வேகமாக இருந்தான். இரவோடு இரவாகப் பணம் கட்டி, வீடியோவை ஓடவிட்டு, விடியும்போது சான்றிதழை அச்சடித்துவிட்டான். கிளார்க் அதை வாங்கிப் பார்த்துவிட்டு மேசைமேல் திருப்பி வைத்தார். நாடு முழுவதற்கும் பொதுவாக விற்கிற வகுப்பு அது, டெக்சஸ் அனுமதி எண் எதுவும் அதில் இல்லை. பல்கலைக்கழகமும் தன் பங்குக்கு ஒரு ஆன்லைன் மதுப்பாடத்தை முடிக்கச் சொல்லியிருந்தது. அது கல்லூரி ஒழுங்கு நடவடிக்கைக்கு. கோர்ட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இரண்டையும் தனித்தனியாக முடிக்க வேண்டியிருந்தது.

நேரலை வகுப்புக்கு மலிவானவற்றைவிட மூன்று மடங்குக்கு மேல் கட்டணம். கட்டினோம்.

பதிவு செய்யும்போது பெயர்ச் சிக்கல் வந்தது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, இருக்கிற பெயரை எல்லாம் கொடுக்கப்பட்ட பெயர் என்ற இடத்தில் போட்டு வாங்கிய நம் பிள்ளைகளுக்கு இது புதிதல்ல. அமெரிக்க விசாவில் அந்தப் பெயர் குடும்பப் பெயராக மாறிவிடும். முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யு' என்று மூன்றெழுத்து உட்கார்ந்துகொள்ளும், முதல் பெயர் தெரியவில்லை என்பதற்கான குறிப்பு. பையனின் உரிமத்திலும் அப்படியே ஏறி, டிக்கெட்டிலும் ஏறிவிட்டது. கல்லூரிக் கணக்கிலோ அப்பா பெயர் கடைசியில். வகுப்புக்கு அவன் கல்லூரிப் பெயரைத் தட்டப் போனான், தடுத்தேன். கோர்ட் கோப்பில் எப்படி இருக்கிறதோ அதே எழுத்து, அதே வரிசை, கூடவே வழக்கு எண். அந்த அபத்தமான மூன்றெழுத்தோடுதான் சான்றிதழ் வந்தது, கிளார்க் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

வகுப்பு இரண்டு மாலைகளாகப் பிரித்து நடந்தது. முன்னும் பின்னும் ஒரு சிறு தேர்வு. கேமரா அணைக்கக் கூடாது, அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். ஓடும் காரில் இருந்தபடி சேர்ந்த ஒரு பையனை ஆசிரியை அப்போதே வெளியே அனுப்பிவிட்டு, வேறு தேதியில் வரச் சொன்னார்.

ஒப்புக்குப் பாடம் எடுத்துவிட்டுப் போவார்கள் என்று நினைத்திருந்தேன். பக்கத்து அறையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த நான் என் வேலையை விட்டுவிட்டுக் கேட்க ஆரம்பித்தேன். ஒரு அளவு மது என்றால் 12 அவுன்ஸ் பீர், அல்லது 5 அவுன்ஸ் ஒயின், அல்லது ஒன்றரை அவுன்ஸ் விஸ்கி. மூன்றிலும் இருக்கும் ஆல்கஹால் ஏறக்குறைய ஒன்றே, 14 கிராம். பார்ட்டியில் சிவப்புக் கோப்பையில் ஊற்றித் தருவது எத்தனை அளவு என்று பிள்ளைகளையே கணக்குப் போடச் சொன்னார். யாருக்கும் சரியாக வரவில்லை. காபி குடித்தாலும் குளித்தாலும் போதை சீக்கிரம் இறங்காது, கல்லீரல் தன் வேகத்தில்தான் வேலை செய்யும் என்றார். நண்பன் குடித்து மயங்கிக் கிடந்தால் போலீஸுக்குப் பயந்து ஓடாதீர்கள், 911-ஐக் கூப்பிடுங்கள். முதலில் உதவி கேட்டு, அங்கேயே இருந்து ஒத்துழைப்பவர்மேல் இந்த டிக்கெட் பாயாதபடி டெக்சஸ் சட்டம் பாதுகாக்கிறது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அதற்காகவே அந்த வகுப்பை டிக்கெட் வாங்காத பிள்ளைகளுக்கும் எடுக்கலாம்.

21 வயது ஏன் என்று ஒரு பெண் கேட்டாள். 1984-இல் மத்திய அரசு கொண்டுவந்த சட்டம், வயதை உயர்த்தாத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலைப் பணத்தில் வெட்டு, டெக்சஸ் 1986-இல் வழிக்கு வந்தது என்று கதை விரிந்தது. "எங்கள் ஊரில் இதெல்லாம் கிடையாது" என்று நம் ஆள் பெருமையாகச் சொல்லப் போனான். தமிழ்நாட்டிலும் 21-தான், டாஸ்மாக் கடையிலேயே எழுதிப் போட்டிருக்கிறது என்று இடைவேளையில் நான் சொல்ல வேண்டியிருந்தது.

இரண்டாம் நாள் குடும்பத்தைப் பற்றிய பேச்சு வந்தது. வீட்டில் யாருக்காவது குடியால் உடம்பு கெட்டதுண்டா என்று ஆசிரியை கேட்டார். பையன் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "என் தாத்தா, கல்லீரல்" என்றான். என் அப்பாவைச் சொல்கிறான். எங்கள் வீட்டில் இன்றுவரை அவர் மஞ்சள் காமாலையில் போனார் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். யார் இவனுக்குச் சொன்னார்கள் என்று தெரியவில்லை, நானும் கேட்கவில்லை. அன்றிரவுதான் அக்காவுக்குப் போன் செய்து டிக்கெட் விஷயத்தை அவனே சொன்னான். அதுவரை சொல்லாமல் சமாளிக்கலாம் என்று என்னிடம் கெஞ்சிக்கொண்டிருந்தான். அக்கா அழுதாள், பிறகு என்னைத் திட்டினாள். அவனை அதிகம் திட்டவில்லை.

சான்றிதழ் தபாலில் வந்தது. கையில் கொண்டுபோய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை போட்ட நகலை வாங்கிக்கொண்டோம். சமூக சேவைக் கையெழுத்துத் தாளும் அதோடு. தள்ளிவைத்த காலம் முடிந்து வழக்கு தள்ளுபடி ஆனது.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. இந்த வகையில் ஒரே ஒரு வழக்கு மட்டும் உள்ளவர், 21 வயதானதும் பதிவை அழிக்கச் சொல்லிக் கோர்ட்டில் மனு போடலாம். பையனுக்கு வரும் கோடையில் 21. உடனே போட்டுவிடலாம் என்று துடிக்கிறான். வக்கீல் அதற்கு முன் ஒரு வேலை சொல்லியிருக்கிறார். பதிவை அழித்த பிறகு கோர்ட்டிடம் கேட்டால், அப்படி ஒரு வழக்கே இல்லை என்பார்கள். நாளைக்கு விசா அதிகாரியோ கிரீன் கார்டு அதிகாரியோ அந்த வழக்கு எப்படி முடிந்தது என்று தாள் கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது. அதனால் தள்ளுபடி உத்தரவின் சான்றளிக்கப்பட்ட நகல்களை முதலில் வாங்கி, ஒன்றை இங்கேயும் ஒன்றை ஊரில் அக்காவிடமும் வைத்துவிட்டு, பிறகுதான் மனு.