டயாலிசிஸ் குழாயும் பூனைப் பல்லும்

வீட்டிலேயே டயாலிசிஸ் என்று முடிவானதும், "நாயை என்ன செய்வது, பூனையை யாரிடம் விடுவது" என்ற பேச்சு தொடங்கிவிடும். அந்தப் பேச்சு முடியைப் பற்றியே சுற்றிச் சுற்றி வரும். முடி ஒரு தொல்லைதான், மறுக்கவில்லை. ஆனால் முதலில் பயப்பட வேண்டியது பல்லுக்கும் நகத்துக்கும். அதிலும் நீங்கள் அசந்து தூங்கும் நேரத்தில் குழாயைத் தேடி வரும் பல்லுக்கு.

வயிற்றுக்குள் திரவத்தை விட்டுக் கழிவோடு வடித்தெடுக்கும் வயிற்று வழி டயாலிசிஸ் (பெரிடோனியல் டயாலிசிஸ்) செய்பவர்களிலேயே எல்லோருக்கும் ஒரே அளவு ஆபத்து கிடையாது. கையால் பை மாற்றும் சிஏபிடியில் ஒரு தடவைக்கு 30 நிமிடம் போல ஆகும். விழித்திருப்பீர்கள், குழாய் கண்முன்னே தொங்கும். மாற்றி முடித்து மூடி போட்டுவிட்டால் வெளியே மிஞ்சுவது வயிற்றில் பொருத்திய குழாயான கத்தீட்டரும், அதன் முனையில் திருகோடு இருக்கும் இணைப்புக் குழாயான டிரான்ஸ்ஃபர் செட்டும் மட்டும்; அதுவும் சட்டைக்குள். திரவத்தைத் தானாக உள்ளே விட்டு வடிக்கும் இயந்திரமான சைக்ளரை வைத்து ராத்திரியில் செய்யும் ஏபிடி அப்படியல்ல. 8 முதல் 10 மணி நேரம் இணைப்பிலேயே கிடக்க வேண்டும். 3 மீட்டரோ அதற்கு மேலோ நீளமுள்ள குழாய் மேசையிலிருந்து இறங்கி, தரையைத் தொட்டு, கட்டிலில் ஏறி வரும். வெதுவெதுப்பாக இருக்கும். திரவம் ஓடும்போது மெல்லத் துடிக்கும். பூனைக்கு இதைவிட நல்ல விளையாட்டுப் பொருளை யாரும் செய்து தர முடியாது.

பூனைப் பல் போடும் ஓட்டை ஊசிமுனை அளவுதான் இருக்கும். அந்த அளவு கசிவுக்குப் பெரும்பாலும் அலாரம் அடிக்காது. சைக்ளர் தன்பாட்டுக்கு அடுத்த சுற்றை உள்ளே விடும். பூனை வாயில் இருந்த கிருமியும் கூடவே போகும். காலையில் படுக்கை விரிப்பில் உள்ளங்கை அளவு ஈரம் தெரியும். வியர்வை என்று நினைத்து விரிப்பைத் துவைக்கப் போட்டுவிடுவது சுலபம். ஓரிரு நாளில் வயிற்றுவலி, வடியும் திரவத்தில் கலங்கல். இதுதான் பெரிடோனைட்டிஸ், அதாவது வயிற்றுறை அழற்சி.

இதில் அடிக்கடி மாட்டுவது பாஸ்டுரெல்லா மல்டோசிடா என்ற கிருமி. நல்ல ஆரோக்கியமான பூனைகளில் பெரும்பாலானவற்றின் வாயில் அது இயல்பாகவே குடியிருக்கிறது; நாய் வாயிலும் உண்டு. பூனை கடித்த டயாலிசிஸ் குழாய் வழியாக இது வயிற்றுக்குள் போனதை மருத்துவ இதழில் 1987லேயே எழுதிவிட்டார்கள். பிறகு வந்த பதிவுகளிலும் சைக்ளர், இரவு, கடிபட்ட குழாய் என்ற மூன்றும் திரும்பத் திரும்ப வருகின்றன. சர்வதேச பெரிடோனியல் டயாலிசிஸ் சங்கத்தின் 2022 வழிகாட்டுதல், பை மாற்றும் அறையிலும் குழாய், இயந்திரம், பைகள் வைக்கும் இடத்திலும் வளர்ப்புப் பிராணி இருக்கவே கூடாது என்கிறது. பிராணியை வீட்டைவிட்டு அனுப்பச் சொல்லவில்லை, கவனியுங்கள். அறையைவிட்டுத்தான்.

ஆகவே எல்லாம் ஒரு கதவில் வந்து நிற்கிறது. கதவு சாத்தும் பழக்கத்தை இயந்திரம் வந்த அன்று தொடங்கினால் தோற்றுப்போவீர்கள். பல வருடம் கட்டிலில் படுத்த நாயை ஒரே ராத்திரியில் வெளியே விட்டால் விடியும்வரை கதவைப் பிறாண்டும். மூன்றாம் நாள் வீட்டில் யாராவது மனமிரங்கித் திறந்துவிடுவார்கள். கத்தீட்டர் வைப்பதற்கு மூன்று நான்கு வாரம் முன்பே ஆரம்பித்துவிடுங்கள். ராத்திரிச் சாப்பாடு, படுக்கை, தண்ணீர் எல்லாம் வேறு இடத்துக்கு மாறட்டும். உங்கள் வாசனை உள்ள பழைய சட்டையொன்றை அந்தப் படுக்கையில் போடுங்கள். பகலிலும் அந்த அறை மூடியே இருக்கட்டும். பகலில் நுழையலாம், இரவில் கூடாது என்ற கணக்கு நமக்குப் புரியும், பூனைக்குப் புரியாது.

கதவைச் சாத்தும் முன் எத்தனை பூனை வெளியே இருக்கிறது என்று எண்ணிவிடுங்கள். கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குள், பைப் பெட்டிகளின் பின்னால் ஒன்று சுருண்டு கிடக்கும். அதை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு ஒன்பது மணி நேரம் தூங்குவதற்கு, கதவைத் திறந்து போட்டே படுத்திருக்கலாம்.

கதவைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் மறப்பது வடிகுழாயை. சிலர் அதைக் கதவிடுக்கு வழியாகக் கழிப்பறைக்கு நீட்டியிருப்பார்கள். அறைக்குள் நீங்கள் பத்திரம், வெளியே கிடக்கும் குழாய் பூனைக்கு. அது வடியும் பக்கம்தானே என்று அலட்சியம் வேண்டாம். மொத்தமும் ஒரே தொடர்பில் இருக்கும் குழாய்தான். முடிந்தால் வடியும் பையை அறைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். வெளியே நீட்டித்தான் ஆக வேண்டுமென்றால், தரையில் கிடக்கும் தூரம் முழுக்க அதைக் கெட்டியான பிவிசி பைப்புக்குள் விடலாம். வளைவில் மடங்காமல் பார்க்க வேண்டும். வயிற்றுக்கு வரும் குழாயை மட்டும் அப்படி மூடி மறைக்காதீர்கள். அதில் கசிவு வந்தால் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

தனி அறையே இல்லாத வீட்டில் என்ன செய்வது? ராத்திரி பூனை கூண்டில் தூங்கப் பழக வேண்டும். அது நடக்காது என்றால் சைக்ளரை விட்டு சிஏபிடியைக் கேட்டு வாங்குவதுதான் சரி என்பேன். மருத்துவக் காரணத்தால் ஏபிடிதான் வேண்டும் என்று மருத்துவர் சொன்னால், இந்த நிலைமையை அவரிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். பூனை இருப்பதைப் பயிற்சி தரும் நர்ஸிடம் மறைப்பவர்கள் நிறையப் பேர். சிகிச்சை கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம்தான் காரணம். ஆனால் வீடு பார்க்க வரும் நர்ஸ் கண்ணில் சோபாவில் கிடக்கும் முடி படாமலா போகும்?

இயந்திரத்தைப் பற்றி ஒரு சங்கதி. பல சைக்ளர்களில் திரவப் பையைச் சூடேற்றும் தட்டு மேல்பக்கம் இருக்கும். உடல் சூட்டுக்கு, 37 டிகிரி செல்சியஸ் அருகே, பை மெத்தைபோல மேலே கிடக்கும். பூனை அதில் ஏறிப் படுத்து, படுப்பதற்கு முன் முன்னங்காலால் பிசையும் பாருங்கள், அந்தப் பிசையலில்தான் நகம் பையில் இறங்கும். எடையை வைத்து அளக்கும் வகை இயந்திரமாக இருந்தால் கணக்கும் கெடும். இரவு இணைக்கப்போகும் குழாயையும் பையையும் மாலையிலேயே மாட்டி வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போகாதீர்கள்; இணைக்கும் நேரத்தை ஒட்டியே மாட்டுங்கள். இயந்திரத்தைத் தரையில் வைக்காமல் உறுதியான மேசையில் வையுங்கள். ஓடாத நேரத்தில் தட்டையும் காற்றுத் துளைகளையும் முடி இல்லாமல் துடைத்துவிடுங்கள்.

இனி முடிக்கு வருவோம். பை மாற்றப்போகும் நேரத்தில் பெருக்கக் கூடாது. தரையில் கிடந்த தூசும் முடியும் எழும்பி, நீங்கள் மூடியைத் திறக்கும் நேரம் பார்த்து இறங்கும். ஒரு மணி நேரம் முன்பே ஈரத்துணியால் துடைத்து முடித்துவிடுங்கள். பிறகு ஜன்னல், மின்விசிறி, ஏசி எல்லாம் நிறுத்தம். நாய் மடியில் படுத்திருந்த சட்டையை மாற்றுங்கள். மாஸ்க் போட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவி, புதுக் காகிதத் துண்டால் ஈரமே இல்லாமல் துடையுங்கள். கழுவிய பிறகு நாய் வந்து கையில் மூக்கை வைத்துவிட்டதா? முதலிலிருந்து. இணைப்பு முனையில் ஒரு முடி ஒட்டியது தெரிந்தால் ஊதாதீர்கள், துடைக்காதீர்கள். புதுப் பையின் முனை என்றால் அந்தப் பையைத் தூக்கிப் போட்டு வேறொன்றை எடுங்கள். உங்கள் டிரான்ஸ்ஃபர் செட்டின் முனையில் பட்டது என்றால் திரவம் எதையும் உள்ளே விடாமல், திருகை மூடி, புது மூடி போட்டு டயாலிசிஸ் மையத்துக்குப் போன் செய்யுங்கள். டிரான்ஸ்ஃபர் செட்டை மாற்ற வேண்டியிருக்கும்.

குழாய் கடிபட்டால் செய்ய வேண்டியதை இயந்திரத்தின் பக்கவாட்டில் பெரிய எழுத்தில் ஒட்டி வையுங்கள். நடுராத்திரியில் மூளை வேலை செய்யாது. முதல் வேலை டிரான்ஸ்ஃபர் செட்டின் திருகை மூடுவது. அடுத்து, ஓட்டைக்கும் உங்கள் வயிற்றுக்கும் நடுவில் ஒரு கிளாம்ப், அதாவது குழாயை அமுக்கி மூடும் கவ்வி. அதன்பிறகுதான் இயந்திரத்தை நிறுத்துவது. கை கழுவி, மாஸ்க் போட்டு, கழற்றி, புது மூடி போடுங்கள். ஓட்டையில் டேப் சுற்றிவிட்டுச் சிகிச்சையைத் தொடர்வது இருப்பதிலேயே மோசமான யோசனை. காலை வரை காத்திருக்கவும் வேண்டாம். மையத்தின் அவசர எண்ணை உடனே அழையுங்கள். அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, ஓட்டை விழுந்த பிறகு திரவம் வயிற்றுக்குள் போனதா என்பது. போயிருந்தால், அல்லது போனதா இல்லையா என்று தெரியாவிட்டால், தடுப்பு ஆன்டிபயாட்டிக் கொடுப்பார்கள். மூடிய கிளாம்புக்கு அப்பால் மட்டும் சேதம் என்றால் கதை வேறு. எங்கே கிளாம்ப் போட்டிருந்தது என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடிபட்ட குழாயை எறியாமல் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

கடித்ததா இல்லையா என்று சந்தேகமா? ஓட்டை கண்ணுக்குத் தெரியாது. உலர்ந்த வெள்ளை டிஷ்யூ காகிதத்தைக் குழாயைச் சுற்றிப் பிடித்து மெதுவாக இழுத்துக்கொண்டே போங்கள். எங்காவது காகிதம் நனைந்து கருமை தட்டினால், அங்கே விரல் வைத்துப் பார்த்தால் கடுகளவு திரவம் முத்துப்போல எழும்பும். காகிதம் காய்ந்தே இருந்தாலும் குழாயில் பல்தடம் தெரிந்தால் கடிபட்டதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

வடிந்த பையைத் தினமும் அச்சடித்த காகிதத்தின் மேல் வைத்துப் பாருங்கள். எழுத்து தெளிவாகப் படிக்க வரவில்லை என்றால் கலங்கல். அந்தப் பையைக் கொட்டாமல் அப்படியே கொண்டுபோங்கள். குறைந்தது 2 மணி நேரம் வயிற்றில் தங்கிய திரவத்தில் மைக்ரோலிட்டருக்கு 100க்கு மேல் வெள்ளையணுக்கள் இருந்து, அவற்றில் பாதிக்கு மேல் நியூட்ரோஃபில் என்ற வகை என்றால் பெரிடோனைட்டிஸாக எடுத்துச் சிகிச்சை தொடங்குவார்கள். அப்போது "வீட்டில் பூனை இருக்கிறது" என்று நீங்களாகவே சொல்லுங்கள். யாரும் கேட்கக் காத்திருக்க வேண்டாம். பாஸ்டுரெல்லா பெரும்பாலும் பென்சிலின் வகை மருந்துகளுக்கே அடங்கிவிடும்.

நாய் வைத்திருப்பவர்களுக்குக் கடியைவிடத் தாவல்தான் பிரச்சினை. வாசலில் உங்களைப் பார்த்ததும் முன்னங்கால் இரண்டையும் வயிற்றில் வைக்கும். கத்தீட்டர் வைத்த முதல் சில வாரம், குழாயைச் சுற்றிச் சதை பிடிக்கும் காலம். அப்போது ஒரு இழுப்பு போதும், கசிவும் புண்ணும் வர. குழாய் வெளியே வரும் இடத்திலிருந்து சற்றுத் தள்ளி டேப் போட்டுத் தோலோடு ஒட்டி, மேலே பெல்ட் கட்டிக்கொள்ளுங்கள். இழுப்பு டேப்பில் நிற்கும், புண்ணுக்குப் போகாது. டிரெஸ்ஸிங் மாற்றும்போது நாய் அறையில் இருக்கக் கூடாது. புண்ணை நக்கினால் ஆறும் என்ற நம்பிக்கை அதற்கு இருக்கலாம், உங்களுக்கு வேண்டாம்.

நாளுக்கு 4 பை என்றால் மாதத்துக்கு 120 பை. அட்டைப் பெட்டிகள் சுவர் மாதிரி எழும்பும். பூனைக்கு அது நகம் தீட்டும் பலகை. சில சமயம் கழிப்பிடமும். தரையில் அடுக்காமல் ரேக்கில் வைத்து மூடுங்கள். வெளியுறையைப் பிரித்ததும் உள்ளே ஈரத்துளிகள் இருந்தால் பயப்பட வேண்டாம், தயாரிப்பில் வருவதுதான். பையை இரு கையாலும் அழுத்திப் பாருங்கள். கசிந்தால் ஒதுக்குங்கள்.

வடிந்த திரவத்தில் சர்க்கரை இருக்கிறது. சிந்தினால் எறும்பு வரும், நாய் நக்கும். கழிப்பறையில் தாழ்வாகப் பிடித்துக் கொட்டி, மூடியைச் சாத்துங்கள். காலிப் பையை முடிச்சுப் போட்டு மூடியுள்ள தொட்டியில் போடுங்கள்.

ரத்தத்தை இயந்திரத்தில் சுத்திகரித்துத் திருப்பிவிடும் ஹீமோடயாலிசிஸை வீட்டில் செய்பவர்களுக்கு ஆபத்து தொற்று மட்டுமல்ல. இயந்திரம் நிமிடத்துக்கு 300 மில்லி ரத்தத்தைச் சுற்றிவிடும் நேரத்தில் பூனை மடியில் குதித்து, ரத்தம் உடலுக்குத் திரும்பும் ஊசி கழன்றால், ஐந்து நிமிடத்தில் ஒன்றரை லிட்டர் போய்விடும். அழுத்த அலாரம் எல்லா நேரமும் காப்பாற்றும் என்று சொல்ல முடியாது. கழன்ற ஊசியிலும் அழுத்தம் அதிகம் இறங்காமல் இருக்கலாம். ஆகவே இங்கேயும் கதவு. ஊசி போடுவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்துவைத்த ஃபிஸ்டுலாக் கையைப் போர்வைக்குள் மறைக்காதீர்கள், ஊசிக்கு அருகே ஈரம் உணரும் கருவி கிடைத்தால் வையுங்கள். அந்தக் கையில் பூனையைத் தூக்க வேண்டாம். கீறல் விழுந்தால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஓடிய நாளில் ரத்தம் நிற்க நேரமாகும். சிவந்தாலோ சூடாக இருந்தாலோ அங்கே ஊசி போடாமல் மையத்தைக் கேளுங்கள். இயந்திரத்துக்குச் சுத்திகரித்த தண்ணீர் கொண்டுவரத் தரையில் ஓடும் ஆர்.ஓ. குழாயை நாய்க்குட்டி கடித்தால் வீடு நனையும், சிகிச்சை பாதியில் நிற்கும்.

மற்றப் பிராணிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஹாம்ஸ்டர் கடித்த குழாயாலும் பெரிடோனைட்டிஸ் வந்திருக்கிறது. ஆமை சால்மோனெல்லா என்ற கிருமியைச் சுமக்கும். மீன்தொட்டித் தண்ணீரிலும் தோலைப் புண்ணாக்கும் கிருமி உண்டு, கையுறை போடாமல் கழுவாதீர்கள். பறவைக் கூண்டைச் சுத்தம் செய்வதை வேறொருவரிடம் விடுங்கள். காய்ந்த எச்சத்தூள் நுரையீரலுக்கு ஆகாது.

பூனையின் மண்தட்டையும் வேறு யாராவது தினமும் அள்ளிவிடுவது நல்லது. டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியின் முட்டைகள் பூனை மலத்தோடு வெளியே வந்து 1 முதல் 5 நாள் கழித்தே தொற்றும் தன்மை பெறுகின்றன. தினமும் அள்ளினால் அதற்குள் தட்டு காலியாகிவிடும். சிறுநீரக மாற்றுக்குப் பெயர் கொடுத்திருப்பவர்கள் இந்த வேலையை இப்போதே கைமாற்றிவிடுங்கள். மாற்றுக்குப் பின் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து தொடங்கியதும் எப்படியும் கைமாற்றத்தான் வேண்டும்.